163 வால்வுகள் பாடும் பெட்டி!

குட்டீஸ்... வால்வு ரேடியோ பற்றிக் கேள்விப்பட்டதுண்டா? அதற்குள் கண்ணாடிக் குமிழ் போன்ற வால்வுகள் இருக்கும். அவை சூடான பிறகுதான் ரேடியோ பாடும். சாதாரண ரேடியோவில் ஐந்தாறு வால்வுகள் போதும். 163 வால்வுகளுடன் ஓர் இசைக்கருவியே இருந்தது தெரியுமா?

அதன் பெயர் நோவாகார்ட். அமெரிக்காவின் ஹாமண்ட் நிறுவனம் 1939ல் அதை அறிமுகம் செய்தது. பார்ப்பதற்குப் பியானோ போல இருக்கும்; எடை 200 கிலோவுக்கும் மேல்! ஆனால், உள்ளே தந்தியும் இல்லை, குழலும் இல்லை. மின்சாரம்தான் இசையாக மாறும்.

எப்படி?

நோவாகார்டில் 72 கட்டைகள் உண்டு. உச்ச ஸ்தாயியின் 12 சுரங்களுக்கு மட்டும் தனித்தனி மின்சுற்றுகள். அந்த அதிர்வைப் பாதியாகக் குறைத்தால், அதே சுரம் ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும். மீண்டும் பாதியாக்கினால், இன்னும் கீழே. இப்படியே ஆறு ஸ்தாயிகள்! 72 கட்டைகளையும் ஒன்றாக அழுத்தினாலும் அத்தனையும் ஒலிக்கும்.

இரண்டாம் உலகப் போர் வந்தது. உதிரிபாகங்களுக்குத் தட்டுப்பாடு. 1942ல் தயாரிப்பு நின்றே போனது. அதுவரை செய்தவை ஆயிரத்துச் சொச்சம்தான். அவற்றிலும் பல அழிந்துவிட்டன.

அதனால்தான் பழைய இசைக்கருவி சேகரிப்பவர்கள் இதைத் தேடி அலைகிறார்கள். கிடைத்தாலும் உடனே வாசிக்க முடியாது. உள்ளே ஆயிரத்துக்கும் மேற்பட்ட மின்தேக்கிகள், வயதாகிப் பழுதாகியிருக்கும். ஒவ்வொன்றாகச் சோதித்து மாற்ற வேண்டும். வேலை முடிய மாதக்கணக்கில் ஆகும்.

அப்புறம் ஒருநாள் சுவிட்சைப் போட்டால், வால்வுகள் மெல்லச் சிவக்கும். பல ஆண்டுகள் ஊமையாகக் கிடந்த பெட்டி மறுபடி பாடும்! அந்த நிமிடத்துக்காகத்தான் குட்டீஸ், இத்தனை பாடும்.