மெட்டு நகர்ந்த வீணை

2017 செப்டம்பர் 19 அன்று ஆப்பிள் ஐஓஎஸ் 11-ஐ வெளியிட்டது. அதுவரை ஐபேடில் சிந்தசைசராகவும் டிரம்ஸாகவும் ஒலித்துக்கொண்டிருந்த பல செயலிகள், புதுப்பித்த கையோடு ஊமையாகிப்போயின. விரலால் தொட்டால் ஓர் அறிவிப்பு மட்டும் வரும்: இதை உருவாக்கியவர் புதுப்பித்துத் தர வேண்டும்.

அந்தச் செயலிகளுக்குள் ஒரு பிட்கூட மாறியிருக்கவில்லை. மரத்தைக் கரையான் அரிக்கும், தந்தி துருவேறும். நிரல் எழுதிவைத்தது எழுதிவைத்தபடியே இருந்தது. பிறகு ஏன் பாடவில்லை?

செயலி தானாக ஒலி எழுப்புவதில்லை. சின்னஞ்சிறு எண்களைக் கணக்கிட்டு அடுக்கித் தருவதுதான் அதன் வேலை. ஸ்பீக்கரை அதிரவைப்பது இயங்குதளம். பொதுவாக ஒரு விநாடி இசைக்கு 44,100 எண்கள் வேண்டும். இயங்குதளம் அவற்றைக் கொத்துக்கொத்தாகக் கேட்கும். கொத்துக்கு 256 எண்கள் என்றால், ஒவ்வொரு கொத்தும் 5.8 மில்லிவிநாடிக்குள் தயாராக வேண்டும். தாமதமானால் பாட்டின் நடுவே ‘டிக்’ என்று ஒரு வெடிப்பு கேட்கும். வேறு செயலிகளுக்கு இவ்வளவு கறாரான கெடு அபூர்வம். படம் திறக்க அரை விநாடி பிந்தினால் யாரும் முகம் சுளிப்பதில்லை. தாளம் அதில் ஒரு சிறு பங்கு பிசகினாலும் தேர்ந்த காது கண்டுகொள்ளும்.

இந்தக் கெடுவுக்குள் முடிக்கத்தான் இசைச்செயலி எழுதியவர்களில் சிலர், சிப்புக்கு நேரடியாகப் புரியும் அசெம்பிளி மொழியிலேயே முக்கியமான பகுதிகளை எழுதினார்கள். ஒரே கட்டளையில் நான்கு எண்களைப் பெருக்கும் நியான் என்ற வசதி அந்தச் சிப்புகளில் இருந்தது. ஒரு கட்டளையைக்கூட வீணாக்காமல், நகைப்பட்டறை நுணுக்கத்தோடு இழைத்த வேலை அது. அதே நுணுக்கம்தான் பின்னால் வினையானது.

ஐஓஎஸ் 11-இல் ஊமையானவை 32-பிட் சிப்புக்கு எழுதிய செயலிகள். 2013-இல் வந்த ஐபோன் 5எஸ், 64-பிட் சிப்போடு வந்த முதல் கைப்பேசி. 32-பிட்டில் நினைவகத்துக்கு 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296 முகவரிகள்தான் கிடைக்கும், அதாவது 4 ஜிபி. அது போதாமல்தான் 64-க்குப் போனார்கள் என்று பலர் நினைக்கிறோம். 5எஸ்-இல் இருந்த நினைவகமோ வெறும் 1 ஜிபி. உண்மையான லாபம் வேறிடத்தில் இருந்தது. புதிய சிப்பு புதிய கட்டளைமொழியையும் கொண்டுவந்தது. கணக்குப் போடும்போது எண்களைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளும் இடத்துக்கு ரெஜிஸ்டர் என்று பெயர். நியானுக்கு 16 பெரிய ரெஜிஸ்டர்கள் இருந்தது 32 ஆனது. பெயர்கள் மாறின, எழுதும் முறையும் மாறியது. கையால் இழைத்த பழைய அசெம்பிளியை அப்படியே பெயர்த்து வைக்க வழியில்லை. மறுபடி எழுதத்தான் வேண்டும்.

இன்னொரு சிக்கல் கண்ணுக்குத் தெரியாமல் பதுங்கியிருக்கும். நினைவக முகவரி ஒன்றை எழுத 32-பிட்டில் 4 பைட் போதும், 64-பிட்டில் 8 வேண்டும். சில வகை எண்களுக்கும் இதே கதைதான். இசைஞர் பாடுபட்டு அமைத்த ஒலிவண்ணங்களை, நினைவகத்தில் இருந்த வடிவிலேயே கோப்பில் கொட்டிவைத்த செயலி இருந்தால், புதிய பதிப்பு அதைப் படிக்கும்போது ஒவ்வொரு எண்ணும் இடம் தள்ளித் தெரியும். வீணையில் மெழுகில் பதித்த 24 மெட்டுகளும் வெயிலில் இளகி நகர்ந்தால் எப்படியோ அப்படி. தந்தியும் விரலும் அதேதான், ஸ்வரம் மட்டும் வேறு.

பழையதையும் கூடவே வைத்துக்கொண்டால் என்ன? 4 ஆண்டுகள் வைத்துக்கொண்டார்கள். அதற்கு இயங்குதளத்தின் நூலகங்கள் எல்லாம் இரண்டு பிரதிகளாக இருக்க வேண்டும். ஒரே ஒரு 32-பிட் செயலியைத் திறந்தாலும், அதற்காகப் பழைய பிரதி தனியாக நினைவகத்தில் ஏறும். 2015 பிப்ரவரி முதல் புதிய செயலிகளும், ஜூன் முதல் புதுப்பிப்புகளும் 64-பிட்டில் இருந்தாக வேண்டும் என்றது ஆப்பிள். 2017-இல் கதவை மூடியது. அவகாசம் போதாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு சிந்தசைசரைச் சில டாலருக்கு ஒரே முறை விற்ற தனி மனிதர், வேறு வேலைக்குப் போய்விட்டால் யார் மறுபடி எழுதுவது?

எனக்கு மனம் ஆறாத இடம் இதுதான். மெட்டு நகர்ந்த வீணையை, அதைச் செய்த ஆசாரியே திருத்த வேண்டும் என்பதில்லை. கைதேர்ந்த எவரும் மெழுகை உருக்கி, காதால் அளந்து மறுபடி பதித்துவிடுவார். செயலியைத் திருத்த மூலநிரல் வேண்டும். அது எழுதியவரின் பெட்டியில் இருக்கிறது. அது வெளியே வராதவரை, எவ்வளவு கைதேர்ந்தவருக்கும் அங்கே வேலை இல்லை.

கதவு அந்த ஒரு முறை மட்டும் மூடவில்லை. ஒரு செயலியின் ஒலியை இன்னொன்றுக்கு அனுப்ப ஐஓஎஸ் 7 தந்த வழியை, 2019-இல் ஐஓஎஸ் 13 கைவிடப்படும் பட்டியலில் சேர்த்தது. ஆண்ட்ராய்டிலும் 2019 ஆகஸ்ட் முதல் 64-பிட் கட்டாயம். இப்போது நினைவகத்தை 4 கிலோபைட் பக்கங்களாகப் பிரித்த இடத்தில் 16 கிலோபைட் பக்கங்கள் வருகின்றன. சிப்பின் மொழிக்கு நெருக்கமாக எழுதிய ஒலி நூலகங்களை அதற்கேற்ப மறுபடி கட்ட வேண்டியிருக்கிறது.

2012-இல் வந்த நான்காம் தலைமுறை ஐபேடின் சிப்பு 32-பிட். ஐஓஎஸ் 11 அதில் ஏறவே ஏறாது. அதனாலேயே அந்தப் பழைய செயலிகள் இன்னும் அதில் பாடுகின்றன. இணையத்தைத் துண்டித்து, இசைக்கு மட்டும் என்று பழைய ஐபேடை ஒதுக்கிவைத்திருக்கும் இசைஞர்கள் உண்டு. சார்ஜ் முன்போல நிற்காது. கம்பியை மாட்டியபடியேதான் வாசிக்க வேண்டும்.