முற்றத்துப் பள்ளி

தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் ‘அங்கன்வாடி’ என்னும் சொல்லை அறியாதார் இலர். ஊர்ப் பள்ளிக்கு அருகிலோ கோயில் தெருவிலோ ஒரு சிறு கட்டடம். வாயிலில் சின்னஞ்சிறு செருப்புகள். உள்ளே பாயில் அமர்ந்து கைகொட்டிப் பாடும் மழலைகள். இச்சொல் தமிழன்று. வீட்டு முற்றத்தை மராத்தியில் ‘அங்கண்’ என்றும் இந்தியில் ‘ஆங்கன்’ என்றும் வழங்குவர். அதன் அடியாகப் பிறந்தது இது. தமிழிலும் ‘அங்கணம்’ என்னும் சொல்லுக்கு முற்றம் என்ற பொருள் உண்டு. குழந்தைகளின் கல்விக்கும் வீட்டு முற்றத்துக்கும் என்ன தொடர்பு? அரசு நடத்தும் பெரியதொரு திட்டத்துக்கு முற்றத்தின் பெயர் வாய்த்தது எவ்வாறு? இவற்றை அறிய விரும்புவோர், பள்ளிக்கு வராத ஒரு சிறுமியை முதலில் அறிதல் வேண்டும்.

அச்சிறுமிக்கு எட்டு வயதிருக்கும். அவள் ஓர் ஊருக்கு உரியவள் அல்லள். இந்திய நாட்டின் எல்லா ஊர்களிலும் இருந்தவள். தந்தையும் தாயும் பொழுது புலருமுன் கூலி வேலைக்குச் சென்றுவிடுவர். தாய் நாற்று நடவோ களை பறிக்கவோ செல்லுங்கால், கைக்குழந்தையை எட்டு வயது மகளின் இடுப்பில் வைத்துவிட்டுச் செல்வாள். குழந்தை அழுதால் தூளியில் இட்டு ஆட்டுவதும், பசித்தால் கஞ்சியை ஆற்றிப் புகட்டுவதும், நடக்கத் தொடங்கிவிட்டால் கிணற்றருகே போகாமல் காப்பதும் அவள் தொழில். ஊரிலே பள்ளி உண்டு. ஆசிரியர் உண்டு. சம்பளம் கட்ட வேண்டுவதில்லை. ஆயினும் அவள் வருவதில்லை. வருகைப் பதிவேட்டைப் புரட்டும் அதிகாரி, ‘பெற்றோருக்குக் கல்வியில் அக்கறை இல்லை’ என்று எழுதிச் சென்றுவிடுவார்.

அக்கறை இல்லாமை அன்று காரணம். அவள் பள்ளிக்குச் சென்றால் தாய் வேலைக்குச் செல்ல இயலாது. தாய் வேலைக்குச் செல்லாத நாளில் அடுப்பு எரியாது. அரசின் கணக்கில் கல்வி ஒரு துறை. குழந்தை நலம் வேறொரு துறை. தொழிலும் வேலையும் மற்றுமொரு துறை. குடிசையிலோ மூன்றும் ஒரே முடிச்சு. அம்முடிச்சை அவிழ்க்காமல் எத்தனை பள்ளிகளைத் திறந்தாலும் அச்சிறுமிக்கு அவற்றால் பயனில்லை.

இதனை முதலிற் கண்டுணர்ந்தோருள் தாராபாய் மோடக் என்னும் அம்மையார் குறிப்பிடத் தக்கவர். 1892ஆம் ஆண்டில் பிறந்த இவர், குஜராத்தில் பவநகரில் கிஜுபாய் பதேகா என்னும் கல்வியாளரோடு சேர்ந்து, மாண்டிசோரி அம்மையாரின் முறையை இந்தியக் குழந்தைகளுக்கு ஏற்ப அமைத்தவர். அம்முறை சிறந்தது, ஆனால் அதற்குரிய கருவிகள் விலை மிக்கவை. நகரத்துச் செல்வர் வீட்டுக் குழந்தைகளே அதன் பயனைப் பெற்றனர். சிற்றூர்க் குழந்தைகளுக்கும் அது கிட்ட வேண்டும் என்று கருதிய தாராபாய், 1945ஆம் ஆண்டில் பம்பாய்க்கு வடக்கே கடற்கரையில் உள்ள போர்டி என்னும் ஊரில் ஒரு பால்வாடியைத் தொடங்கினார். இளமையிலேயே கணவரை இழந்து, பின்னர் அரிதின் முயன்று கற்று ஆசிரியையான அனுதாய் வாக் என்பவர் அவருக்குத் துணையாக வந்து சேர்ந்தார்.

பால்வாடி நன்கு நடந்தது. எனினும் ஒரு குறை. வசதியுள்ள வீட்டுக் குழந்தைகள் வந்தனர். தாழ்த்தப்பட்டோர் குடியிருப்பிலிருந்தும் பழங்குடியினர் குடியிருப்பிலிருந்தும் குழந்தைகள் வரவில்லை. அழைத்தும் பயனில்லை. அப்பொழுது அவ்விரு பெண்மணிகளும் ஒரு முடிவுக்கு வந்தனர். குழந்தைகள் பள்ளிக்கு வாராவிடில், பள்ளி குழந்தைகளிடம் செல்லட்டும் என்பதே அது. ஆசிரியைகள் அக்குடியிருப்புகளுக்கே சென்றனர். வீட்டு முற்றத்தைப் பெருக்கி, குழந்தைகளைக் குளிப்பாட்டி, தலை வாரி, அங்கேயே அமர்ந்து பாட்டும் கதையும் விளையாட்டும் கற்பித்தனர். விலை மிக்க கருவிகளுக்கு மாற்றாகக் கடற்கரைச் சிப்பியும் கூழாங்கல்லும் விதையும் இலையும் பயன்பட்டன. எண்ணக் கற்கும் குழந்தைக்குக் கூழாங்கல் எவ்வகையிலும் குறைந்ததன்று. முற்றத்தில் நடந்த அப்பள்ளிக்கு ‘அங்கன்வாடி’ என்று பெயராயிற்று.

1957ஆம் ஆண்டில் அவர்கள் தம் பணியை அண்மையிலிருந்த கோஸ்பாட் என்னும் குன்றுக்கு மாற்றினர். அது வார்லிப் பழங்குடி மக்கள் வாழும் பகுதி. அங்கே மேற்கூறிய சிறுமியை அவர்கள் மிகுதியாகக் கண்டனர். இடுப்பில் தம்பியைச் சுமந்தவண்ணம் பள்ளி வாயிலுக்கு வெளியே நின்று பார்த்தவள் அவள். அவளை மட்டும் உள்ளே அழைப்பது பயன் தராது என்பதை உணர்ந்து, அவள் சுமந்திருந்த குழந்தைக்கும் இடம் அமைத்தார்கள். கைக்குழந்தைகளுக்கு ஒரு காப்பகம், சற்றே வளர்ந்தவர்களுக்குப் பால்வாடி, அவர்களுக்கும் மூத்தோருக்குத் தொடக்கப் பள்ளி என மூன்றும் ஓரிடத்தில் அமைந்தன. அக்காள் தம்பியைத் தொட்டிலில் விட்டுவிட்டு வகுப்பில் அமரலாம். அவன் அழுங்குரல் கேட்கும் தொலைவிலேயே அவள் எழுதப் படிக்கக் கற்கலாம். இவ்வமைப்புக்கு ‘விகாஸ்வாடி’ என்று பெயரிட்டனர்.

மாடு மேய்க்கும் சிறுவர்களுக்கும் ஒரு வழி செய்தார்கள். அவர்களைப் பள்ளிக்கு இழுத்துவந்தால் மாடுகள் யார் பொறுப்பு? ஆகவே ஆசிரியர்கள் மேய்ச்சல் நிலத்துக்கே சென்று பாடம் சொன்னார்கள். அது ‘புல்வெளிப் பள்ளி’ எனப்பட்டது. எளிய வீட்டுப் பிள்ளை செய்யும் வேலையை ஏளனம் செய்யாது, அவ்வேலையைக் கணக்கிலெடுத்துக்கொண்டு கல்வியை வகுத்தமையே இவ்விருவரின் பெருமை.

தமிழ்நாட்டில் இம்முடிச்சு வேறொரு முனையிலிருந்து அவிழத் தொடங்கியது. இங்கே பசிதான் முதலில் கண்ணிற் பட்டது. 1920ஆம் ஆண்டில், சர் பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு நண்பகல் உணவு வழங்கத் தீர்மானிக்கப்பட்டது. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் செலவிடலாம் என்பது விதி. அம்முயற்சி நெடுநாள் நீடிக்கவில்லை. பின்னர்க் காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, 1956ஆம் ஆண்டில் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. மாடு மேய்த்துக்கொண்டிருந்த சிறுவன் ஒருவன், பள்ளிக்கு வந்தால் சோறு யார் தருவார் என்று அவரை வினவியதாக வழங்கும் செய்தியைப் பலரும் கேட்டிருப்பர். கல்வித் துறை இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகச் சென்று மக்களின் உதவியைத் திரட்டினார். தொடக்கத்தில் ஊராரின் அரிசியும் பருப்புமே உலையில் வெந்தன. பின்னர் ஓர் உணவுக்கு ஆகும் பத்துக் காசில் ஆறு காசை அரசு ஏற்றது. எஞ்சிய நான்கு காசை ஊரார் ஏற்றனர்.

பசியால் பள்ளிக்கு வாராதிருந்தவர் பலர் வந்தனர். ஆனால் பதிவேட்டில் பெயருள்ள பிள்ளைக்கே உணவு. அக்காளின் இடுப்பிலிருந்த குழந்தைக்குப் பதிவேட்டில் பெயரில்லை. அதனால் அவளுள் பலர் அப்பொழுதும் வீட்டிலேயே நின்றனர்.

அக்குழந்தை அரசின் கணக்கில் இடம்பெற மேலும் பல ஆண்டுகள் ஆயின. 1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் இந்திய அரசு 33 இடங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணித் திட்டத்தைத் தொடங்கியது. ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு உணவு, தடுப்பூசி, உடல்நலக் கவனிப்பு, முன்பருவக் கல்வி ஆகியவற்றையும், தாய்மார்க்கு வேண்டும் துணையையும் ஒரே இடத்தில் வழங்குவது அதன் நோக்கம். அவ்விடத்துக்கு அங்கன்வாடி என்னும் பெயரே வழங்கியது. போர்டியின் முற்றம் அவ்வாறு நாடெங்கும் பரவியது.

தமிழ்நாட்டில் பெருமாற்றம் நேர்ந்தது 1982ஆம் ஆண்டிலாகும். அவ்வாண்டு ஜூலை முதல் நாளில், திருச்சிராப்பள்ளி மாவட்டத்துப் பாப்பாக்குறிச்சியில், முதலமைச்சர் ம. கோ. இராமச்சந்திரன் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். தொடக்கப் பள்ளி மாணவரோடு, இரண்டு வயது முதலான சிறு குழந்தைகளுக்கும் குழந்தைகள் நல மையங்களில் நாள்தோறும் சூடான உணவு கிடைத்தது. பயன் பெற்றோர் தொகை 60 இலட்சத்தைக் கடந்தது. இத்துணைப் பெருஞ்செலவை ஒரு மாநிலம் தாங்குமா, இப்பணத்தைத் தொழிற்சாலைகளிலும் அணைகளிலும் இடலாகாதா என்று வினவிய பொருளியலாரும் இருந்தனர். அவர்கள் உலையில் வெந்த அரிசியை மட்டும் எண்ணினர். குழந்தை உண்டு உறங்கும் அந்நேரத்தில் தாய் ஈட்டும் கூலியையும் அக்காள் கற்கும் பாடத்தையும் அதனோடு சேர்த்து எண்ணியிருத்தல் வேண்டும்.

அத்திட்டம் மற்றொரு வகையாலும் வேலையின்மையைத் தொட்டது. மையந்தோறும் ஓர் அமைப்பாளர், ஒரு சமையலர், ஓர் உதவியாளர் தேவைப்பட்டனர். கணவரை இழந்தோருக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் இவ்வேலைகளில் முன்னுரிமை தரப்பட்டது. இவ்வாறு ஓரிலட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சொந்த ஊரிலேயே அரசு வழங்கும் மாத வருவாயை முதன்முதலாகக் கண்டனர். நேற்றுவரை உறவினர் வீட்டில் ஒதுங்கி வாழ்ந்த ஒரு பெண், மறுநாள் ஊர்ப்பிள்ளைகள் நூறு பேருக்கு அன்னமிடும் பொறுப்பில் அமர்ந்தாள். சாதி நோக்கி அவள் கையால் உண்ண மறுத்தோரும் இல்லாமற் போகவில்லை. 2018ஆம் ஆண்டிலும் 2023ஆம் ஆண்டிலுங்கூட அத்தகைய செய்திகள் வெளிவந்து நாட்டுக்குத் தலைக்குனிவை உண்டாக்கின. பின்னைய நிகழ்ச்சியில் அமைச்சரும் அதிகாரிகளும் நேரிற் சென்று, அந்தச் சமையலர் ஆக்கிய உணவைப் பிள்ளைகளோடு அமர்ந்து உண்டனர்.

இப்பெண்களின் ஊதியம் மட்டும் பணிக்கேற்ப உயரவில்லை. அங்கன்வாடிப் பணியாளர் பெறும் தொகைக்கு நாடெங்கும் ‘மதிப்பூதியம்’ என்றே பெயர். பெயரில் மதிப்பு இருக்கிறது, தொகை சிறிது. பிற தாய்மார் வேலைக்குச் செல்ல வழிசெய்யும் வேலை, தானும் ஒரு வேலையே என்பதை ஒப்புக்கொள்ள அரசுகள் தயங்கியே வந்துள்ளன.

முடிச்சில் இன்னும் அவிழாத இழைகள் உள்ளன. இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்கு அங்கன்வாடியில் சத்துமாவு உண்டு. தங்கும் இடம் பெரும்பாலும் இல்லை. தாய் அதனை வாங்கிக்கொண்டு குழந்தையையும் வீட்டுக்கே தூக்கிச் செல்ல வேண்டும். வேலைத் தலத்தில் தொட்டில் அமைக்கச் சட்டங்கள் பல செய்யப்பட்டன. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் ஐம்பதுக்கு மேற்பட்ட பெண்கள் பணியாற்றும் ஆலையில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. 1976இல் அவ்வெல்லை முப்பதாகக் குறைக்கப்பட்டது. ஆனால் கிராமத்துத் தாய்க்கு ஆலை ஏது? 2005ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட ஊரக வேலை உறுதிச் சட்டமே அவளை நினைத்தது. ‘நூறு நாள் வேலை’ என்று மக்கள் வழங்கிய அவ்வேலையில், தாய்மாரோடு வந்த சிறு குழந்தைகள் ஐவராகவோ அதற்கு மேலாகவோ இருப்பின், அப்பெண்களுள் ஒருவரைக் குழந்தைகளைக் காக்க அமர்த்தி, அவருக்கும் கூலி தர வேண்டும் என்று அது விதித்தது. குழந்தையைப் பார்த்துக்கொள்வதும் கூலிக்குரிய உழைப்பே என்று சட்டத்தின் வாயால் சொல்லப்பட்டமை சிறிய செய்தியன்று. பலவிடங்களில் அவ்விதி ஏட்டளவில் நின்றதும் உண்மை. 2022இல் இந்திய அரசு தொடங்கிய ‘பால்னா’ என்னும் திட்டம், அங்கன்வாடிகளோடு காப்பகங்களையும் இணைக்க முற்பட்டது. ‘பால்னா’ என்றால் தொட்டில் என்பது பொருள். கோஸ்பாட்டில் அத்தொட்டில் கட்டப்பட்டு அறுபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்திருந்தன.

அதே 2022ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள், தமிழ்நாட்டில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலை உணவு வழங்கும் திட்டம் மதுரையில் தொடங்கியது. முதலில் 1,545 அரசுப் பள்ளிகளில் நடந்தது. 2023 ஆகஸ்டில் 31,000 பள்ளிகளுக்குப் பரவியது. உப்புமா, கிச்சடி, பொங்கல் ஆகியவை நாளுக்கு ஒன்றாக வழங்கப்பட்டன. சிற்றூர்களில் சமைக்கும் பொறுப்பு மகளிர் சுய உதவிக் குழுவினருக்குத் தரப்பட்டது. தம் பிள்ளை அதே பள்ளியிற் படிக்கும் தாய்மாரே இப்பணிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அவளுக்கு ஊரை விட்டு அகலாத வேலை கிடைத்தது. பிள்ளைக்குத் தாய் கையால் ஆக்கிய உணவு பள்ளியிலேயே கிடைத்தது.

பள்ளி மணி அடிக்கும் முன் உணவு ஆறாமல் தட்டில் இருத்தல் வேண்டும். அதற்கு அவள் விடியற்காலையிலேயே வீட்டை விட்டுப் புறப்பட வேண்டும். அங்கன்வாடியின் கதவு திறப்பதற்கு அப்பொழுது இன்னும் சில மணி நேரம் இருக்கும். அவள் வீட்டுத் தூளியில் ஒரு கைக்குழந்தை உறங்கினால், அதன் அருகே அமர்ந்திருப்பவள் பெரும்பாலும் எட்டு வயது அக்காள்தான்.