பரப்பளவு கற்பித்தலில் சதுர அலகு: சொல்லும் பொருளும்

முன்னுரை

தொடக்கநிலை வகுப்புகளில் பரப்பளவு, ‘நீளம் × அகலம்’ என்னும் சூத்திரமாகவே அறிமுகமாவதுண்டு. செவ்வகத்தின் பரப்பளவைப் பிழையின்றிக் கணக்கிடும் மாணவர், ஓர் இலையின் பரப்பளவைக் கேட்டால் திகைக்கக்கூடும். சூத்திரம் மனத்தில் பதிந்தும் அலகு பற்றிய கருத்து உருப்பெறாமையே இதற்குக் காரணம். இக்கருத்து உருப்பெறத் தமிழ்க் கலைச்சொற்கள் துணைநிற்கும் இடங்களையும், தடுமாற்றம் தரும் இடங்களையும் இக்கட்டுரை விளக்குகிறது.

சுற்றும் பரப்பும்

சுற்றளவு, பரப்பளவு ஆகிய இரண்டும் ‘அளவு’ என முடிவதால் குழந்தைகள் ஒன்றை மற்றொன்றாகக் கொள்ள இடமுண்டு. ஆயின் அவற்றின் முற்பகுதிகள் வேறுபாட்டைத் தெளிவாகச் சுட்டுகின்றன. வடிவத்தின் ஓரத்தில் நூலைச் சுற்றி அளப்பது சுற்றளவு. அதன் உட்புறத்தில் சதுர அட்டைகளைப் பரப்பி எண்ணுவது பரப்பளவு. 9 × 1, 6 × 4, 5 × 5 என்னும் அளவுடைய மூன்று வடிவங்களுக்கும் சுற்றளவு 20 அலகுகளே. பரப்பளவோ முறையே 9, 24, 25 சதுர அலகுகள். சுற்றளவு ஒன்றாயின் பரப்பளவும் ஒன்றாகும் என்னும் பிழையான எண்ணம் இவ்வெடுத்துக்காட்டால் நீங்கும்.

சதுரம் அலகாவதன் காரணம்

வட்ட வடிவ நாணயங்களைப் பரப்பினால் இடைவெளி எஞ்சும். சமபக்க முக்கோணமும் ஒழுங்கு அறுகோணமும் இடைவெளியின்றிப் பொருந்தினும், செவ்வகத்தின் ஓரங்களில் முழுமையாக நிரம்புவதில்லை. சதுரமோ நிரை நிரலாக அமைவதால், எண்ணுதலைப் பெருக்கலோடு இணைக்கிறது. நிரைக்கு 6 சதுரங்களாக 4 நிரைகள் அமைந்தால் 24 சதுர அலகுகள் ஆகின்றன.

ஒழுங்கற்ற வடிவங்களைக் கட்டத்தாளில் வரைந்து எண்ணலாம். முழுக்கட்டங்களையும் பாதிக்கு மேற்பட்ட கட்டங்களையும் ஒன்று எனவும், சரிபாதிக் கட்டங்களை அரை எனவும் கொண்டு, பாதிக்குக் குறைந்தவற்றை விட்டுவிட வேண்டும். கிடைப்பது தோராய மதிப்பே. கட்டங்கள் சிறிதாகச் சிறிதாகத் துல்லியம் மிகும்.

சொல்வரிசையும் பொருளும்

‘5 சதுர சென்டிமீட்டர்’ என்பது ஐந்து அலகுச் சதுரங்களின் பரப்பளவு. ‘5 சென்டிமீட்டர் சதுரம்’ என்பது 5 சென்டிமீட்டர் பக்கமுடைய சதுரம். அதன் பரப்பளவு 25 சதுர சென்டிமீட்டர். சொல்வரிசை மாறப் பொருளும் மாறுகிறது. இவ்வேறுபாட்டை உணர்ந்த மாணவர், 1 சதுர மீட்டர் 100 சதுர சென்டிமீட்டர் எனத் தவறாக எழுதாமல், 100 × 100 = 10,000 எனக் காண்பர்.

நில அளவை மரபு

தமிழர் நில அளவையில் ஒரு கோல் நீளமும் ஒரு கோல் அகலமும் உடைய நிலப்பகுதி ‘குழி’ எனப்பட்டது. 100 குழி ஒரு மா. 20 மா ஒரு வேலி. 12 அடிக் கோலால் அளந்தால் ஒரு குழி 144 சதுர அடியாகும். கோலின் நீளம் இடத்துக்கு இடம் வேறுபட்டமையால் குழியின் அளவும் வேறுபட்டது. திண்ணைப் பள்ளிகளில் மனனம் செய்யப்பட்ட ‘குழிமாற்று’, ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்கிய தொகையைத் தரும் வாய்பாடாகும். சதுர அலகும் பெருக்கலும் ஒரே சொல்லில் இணைந்திருந்தமையை இது காட்டுகிறது.

முடிவுரை

பரப்புதல், எண்ணுதல், நிரைகளாகத் தொகுத்தல், பெருக்குதல் என்னும் வரிசையில் கற்பித்தலே பொருத்தமாகும். அலகை உணர்ந்த பின் வரும் சூத்திரம், எண்ணுதலின் சுருக்கமாக மாணவருக்குப் புலப்படும். விடையின் எண்ணோடு, அது எதன் எண்ணிக்கை என்பதையும் ஆசிரியர் வினவுதல் வேண்டும்.