நாலாவது செமஸ்டரில் மிரட்டும் ஆபரேட்டிங் சிஸ்டம்... மளிகைக் கடையில் இருக்கு விடை!

திருச்சி - சென்னை நெடுஞ்சாலையில் இருக்கும் பாடாலூரில் ஒரு மளிகைக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். மாதச் சாமான் லிஸ்ட்டோடு ஒருவர் முதலில் வந்து நிற்கிறார். அவருக்குப் பின்னால் ஒரு சிறுமி. கேட்பது ஒரே ஒரு ஷாம்பு பாக்கெட். கடைக்காரர் யாரை முதலில் அனுப்புவார்?

பி.இ கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவர்கள் நான்காவது செமஸ்டரில் படிப்பதும் இதைத்தான். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் 'இன்ட்ரொடக்‌ஷன் டு ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ்' என்று ஒரு பேப்பர். கடைக்காரர்தான் பிராசஸர், வாடிக்கையாளர்கள், கம்ப்யூட்டரில் ஓடக் காத்திருக்கும் புரோகிராம்கள்.

சின்ன வேலையை முதலில் முடித்தால் அது 'ஷார்ட்டஸ்ட் ஜாப் ஃபர்ஸ்ட்'. சராசரிக் காத்திருப்பு குறையும். ஆனால் ஷாம்பு, தீப்பெட்டி என ஆட்கள் வந்துகொண்டே இருந்தால் லிஸ்ட்காரர் கதி? அதுதான் 'ஸ்டார்வேஷன்'. 1973-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி-யில் ஐ.பி.எம் 7094 கம்ப்யூட்டரை நிறுத்தியபோது, 1967-ல் கொடுத்த ஒரு வேலை தொடங்கப்படாமலே கிடந்ததாம். சில்பர்ஷாட்ஸின் பாடப்புத்தகமே இதை வதந்தி என்று சொல்லித்தான் சேர்த்திருக்கிறது. இதற்கு மருந்து 'ஏஜிங்': காத்திருக்கக் காத்திருக்க முன்னுரிமையை ஏற்றுவது. லிஸ்ட்காரர் சத்தம் போட்டால் கடைக்காரர் செய்வதும் இதுதானே!

சிக்கல் என்னவென்றால், இது எதுவும் புரியாமல் டெஃபனிஷனை மனப்பாடம் செய்தே பாஸாகிவிடலாம். கேம்பஸ் இன்டர்வியூவில் மாட்டிக்கொள்வார்கள். 'ரவுண்ட் ராபினில் ஆளுக்கு ஒதுக்கும் நேரத்தை ரொம்பக் குறைத்தால்?' என்று கேட்டால் மனப்பாடம் உதவாது. பத்து விநாடிக்கு ஒரு ஆள் என்று மாற்றினால், யார் பை எது என்று தேடவே கடைக்காரருக்கு நேரம் போய்விடும் என்று யோசித்தவர் சொல்லிவிடுவார்.

மாணவர்கள் பிரித்துப் பார்த்துப் படிக்கட்டும் என்றே, ஆம்ஸ்டர்டாம் பேராசிரியர் ஆண்ட்ரூ டானன்பாம் 1987-ல் மினிக்ஸ் என்ற குட்டி ஆபரேட்டிங் சிஸ்டத்தை வெளியிட்டார். அதைக் குடைந்து பார்த்த ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், 1991-ல் லினக்ஸை அறிவித்தார். அப்போது வயது 21. இன்று உங்கள் கையில் இருப்பது ஆண்ட்ராய்டு போன் என்றால், அதன் அடியில் ஓடுவது லினக்ஸ் கெர்னல்தான்.

அப்படிக் குடைந்து பார்க்க இப்போது பாடாலூரை விட்டு எங்கும் போக வேண்டாம். சென்னை ஐ.ஐ.டி பேராசிரியர் செஸ்டர் ரெபைரோவின் ஆபரேட்டிங் சிஸ்டம் வகுப்புகளை என்.பி.டி.இ.எல்-லில் இலவசமாகப் பார்க்கலாம். ஆங்கிலம்தான், நிறுத்தி நிறுத்திக் கேட்கலாம். எம்.ஐ.டி தன் மாணவர்களுக்காக உருவாக்கிய 'எக்ஸ்.வி.6' என்ற குட்டி சிஸ்டத்தை வைத்துப் பாடம் நடத்துகிறார். அதன் கோடும் இலவசம். அடுத்து எந்தப் புரோகிராம் ஓட வேண்டும் என்று முடிவு செய்யும் 'ஷெட்யூலர்' அதில் சில பத்து வரிகள்தான். முதலில் அதைத் திறந்து பாருங்கள். பழைய லேப்டாப்பே போதும்.