கோடிக்கரை விளக்கு

கோடிக்கரை என்றதும் நண்பர்களுக்குக் கல்கியின் ‘பொன்னியின் செல்வ’னில் வரும் ஓடக்காரப் பெண் பூங்குழலியே நினைவுக்கு வருவாள். எனக்கோ என் தாத்தா நினைவுக்கு வருகிறார். ஆறுகாட்டுத்துறையிலிருந்து நாற்பது ஆண்டுகள் கடலுக்குப் போனவர் அவர்.

நிலப்படத்தைச் சற்று எடுத்துப் பாருங்கள். சென்னையிலிருந்து தெற்கே இறங்கிவரும் சோழமண்டலக் கரை, கோடிக்கரையில் சட்டென்று மேற்கே திரும்பிவிடுகிறது. முனைக்கு அப்பால் பாக் நீரிணை. ஆழம் குறைந்த கடல். இருட்டில் வரும் கலத்திற்கு முனை இருக்குமிடம் தெரியாவிட்டால் தரை தட்ட வேண்டியதுதான். ஆகவேதான் இங்கு விளக்கு வேண்டியிருந்தது. சோழர் காலத்தது என்று சொல்லப்பட்ட பழைய கலங்கரை விளக்கத்தின் இடிபாடு ஒன்று கடலோரம் நின்றது. அதைக் குறிவைத்துப் பகலில் கரை பிடிப்போம் என்பார் தாத்தா. 2004 டிசம்பர் 26ஆம் நாள் வந்த ஆழிப்பேரலை அதைச் சாய்த்துவிட்டது. அப்போது நான் பிறக்கவில்லை.

இன்றுள்ள கோபுரம் 45 மீட்டர் உயரம். அதன் ஒளி எவ்வளவு தூரம் தெரியும்? விளக்கின் ஆற்றலை மட்டும் பொறுத்ததன்று இது. பூமியின் வளைவு குறுக்கே நிற்கிறது. உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57ஆல் பெருக்கினால் தொடுவானத்தின் தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். 45 மீட்டருக்குச் சுமார் 24. படகில் நிற்பவர் கண் நீர்மட்டத்திற்கு மேல் 2 மீட்டர் என்றால், அவருக்கு 5. ஆக 29 கிலோமீட்டர். காற்றில் ஒளி சற்றே வளைவதால் இன்னும் கொஞ்சம் கூடும். அதைத் தாண்டினால் விளக்கு மங்குவதில்லை, முழுகிவிடுகிறது! படகில் உயரமான இடத்தில் ஏறி நின்றால் மறுபடியும் எட்டிப் பார்க்கும்.

இயற்பியல் வகுப்பில் நான் இதைப் படிப்பதற்கு முன்பே, பள்ளிக்கூடமே போகாத தாத்தா சொல்லியிருக்கிறார்: “வெளக்கு முங்கிட்டா வலையை வாங்கிடுடா.”

1974இல் ஒப்பந்தம் செய்து இந்தியாவும் இலங்கையும் இக்கடலில் எல்லை வகுத்துக்கொண்டன. தண்ணீரின் மேல் கோடு தெரியுமா? இப்போது படகுகளில் ஜி.பி.எஸ். கருவி இருக்கிறது. ஓரிரவு என் சித்தப்பாவின் கருவியில் மின்கலம் தீர்ந்துபோயிற்று. எல்லை தாண்டிப் பிடிபட்டு, மூன்று மாதம் அயல்நாட்டுச் சிறையில் இருந்துவிட்டு வந்தார். படகு திரும்பவில்லை.

வந்த அன்று தாத்தா கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“வெளக்கு முங்குனதைப் பாத்தியாடா?”

“பாத்தேன்ப்பா. மீன் பட்டுக்கிட்டு இருந்துச்சு.”