கீசர் பிளக் ஏன் கருகுகிறது?

கீசர் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் ஒரு பின் மட்டும் கறுத்து, அதைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் இளகிப் பழுப்பேறியிருப்பதைப் பல வீடுகளில் காணலாம். சாமான் மட்டம் என்று சொல்லிப் புதுப் பிளக் மாட்டுகிறோம். கொஞ்ச நாளில் அதுவும் கருகுகிறது. காரணம் தெரிய ஒரு வகுத்தலும் ஒரு பெருக்கலும் போதும். இரண்டுமே பள்ளியில் படித்தவைதான். வோல்டேஜை ஆம்பியரால் வகுத்தால் மின்தடை, ஓம் கணக்கில். வோல்டேஜையும் ஆம்பியரையும் பெருக்கினால் மின்திறன், வாட் கணக்கில்.

கீசரின் மேல் ஒட்டியிருக்கும் பட்டையைப் பாருங்கள். 230 வோல்ட், 2000 வாட் என்று இருக்கும். 2000-ஐ 230-ஆல் வகுத்தால் அது இழுக்கும் கரண்ட் 8.7 ஆம்பியர். 230-ஐ 8.7-ஆல் வகுத்தால் உள்ளே இருக்கும் காயிலின் மின்தடை, ஏறக்குறைய 26.4 ஓம். சாதாரண 6 ஆம்பியர் பிளக்கில் இதை மாட்டக் கூடாது, 16 ஆம்பியர் பவர் பிளக்தான் வேண்டும் என்பது இந்த முதல் கணக்கிலேயே தெரிந்துவிடுகிறது.

பவர் பிளக்கில் மாட்டியும் கருகுகிறதே? சாக்கெட்டுக்குள் பின்னைக் கவ்விப் பிடிக்கும் பித்தளைத் தகடு நாளாக நாளாகத் தளர்ந்துவிடும். பின்னும் தகடும் முழுதாகத் தொடாமல் ஓரிரு புள்ளிகளில் மட்டும் தொடும். அந்த இடத்தில் அரை ஓம் மின்தடை ஏற்பட்டதாக வைத்துக்கொள்வோம். காயிலோடு ஒப்பிட்டால் ஐம்பதில் ஒரு பங்குதான். கரண்ட் சற்றுக் குறைந்து 8.5 ஆம்பியர் ஆகும். அந்தப் புள்ளியில் விழும் வோல்டேஜ் 4.3. இரண்டையும் பெருக்கினால் 36 வாட்டுக்கு மேல் வருகிறது. டிவி, ரேடியோ பழுது பார்ப்பவர்கள் ஈயம் உருக்கப் பயன்படுத்தும் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். அதைவிட அதிக சூடு, சுண்டுவிரல் நகம் அளவு இடத்தில், தண்ணீர் காயும் நேரம் முழுக்க எரிகிறது. பிளாஸ்டிக் என்ன செய்யும்?

சூட்டில் தகடு இன்னும் தளரும், கரி படியும், மின்தடை ஏறும், சூடு மேலும் கூடும். லைனைத் துண்டிக்கும் எம்.சி.பி. சுவிட்ச் ஏன் விழவில்லை என்று கேட்பார்கள். கரண்ட் அளவுக்கு மேல் போனால்தான் அது விழும். இங்கே கரண்ட் குறைந்திருக்கிறது. ஆகவே தளர்ந்த சாக்கெட்டை மாற்றாமல் பிளக்கை மட்டும் மாற்றிப் பயனில்லை.

மாலையில் வோல்டேஜ் 180-க்கு இறங்கிவிட்டது என்றால், கீசர் கரண்டை அதிகமாக இழுக்கும், பில் எகிறும் என்று பலர் நம்புகிறார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. காயிலின் மின்தடை மாறுவதில்லை. 180-ஐ 26.4-ஆல் வகுத்தால் 6.8 ஆம்பியர். மின்திறன் 1,225 வாட்டுக்குச் சுருங்குகிறது. வோல்டேஜ் ஐந்தில் ஒரு பங்கு இறங்கினால் திறன் ஐந்தில் இரண்டு பங்கு போய்விடுகிறது, ஏனென்றால் கூடவே கரண்டும் இறங்குகிறது. தண்ணீர் காய நேரம் பிடிக்கும், அவ்வளவுதான்.

அந்த நம்பிக்கை பொருந்துவது மோட்டாருக்கு. கிணற்றுத் தண்ணீரை மேலே தூக்கும் வேலை குறைவதில்லை. வோல்டேஜ் இறங்கினால் மோட்டார் அதைக் கரண்டில் ஈடுகட்டப் பார்க்கிறது. 10 ஆம்பியர் 13 ஆனால் வைண்டிங்கில் சூடு ஏறக்குறைய 1.7 மடங்கு. கரண்டின் இருமடிக்கு ஏற்ப சூடு ஏறும் என்பதை, கம்பிச் சுருளைத் தண்ணீரில் மூழ்கவைத்து அளந்து 1841-இல் வெளியிட்டவர் இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஜூல். லோ வோல்டேஜில் மோட்டாரை ஓட்டினால் காயில் போய்விடும் என்று விவசாயிகள் பயப்படுவது முழுக்க நியாயம். (மோட்டாரில் வோல்டேஜையும் ஆம்பியரையும் பெருக்கினால் மட்டும் வாட் கிடைக்காது, பவர் ஃபேக்டராலும் பெருக்க வேண்டும்.)

வோல்டேஜ் நிலையாக இல்லாத தொல்லை, முதலில் சொன்ன மின்தடைக் கணக்கைக் கண்டறிந்தவரையும் படுத்தியிருக்கிறது. கியார்க் சைமன் ஓம் ஜெர்மனியின் கொலோன் நகரில் பள்ளி ஆசிரியர். அன்றைய பேட்டரிகள் அளந்துகொண்டிருக்கும்போதே இறங்கின. ஆகவே பேட்டரியை விட்டுவிட்டு, பிஸ்மத்தையும் செம்பையும் இணைத்து, ஓர் இணைப்பைக் கொதிக்கும் நீரிலும் மற்றதைப் பனிக்கட்டியிலும் வைத்தார். வெப்ப வேறுபாடு மாறாததால் கிடைத்த மின்னழுத்தமும் மாறவில்லை. வெவ்வேறு நீளக் கம்பிகளை மாட்டி, காந்த ஊசியின் விலகலைக் கொண்டு கரண்டை அளந்தார். 1827-இல் புத்தகம் வந்தது. சொந்த நாட்டில் வரவேற்பு குறைவு. லண்டன் ராயல் சொசைட்டி 1841-இல் காப்லி பதக்கம் அளித்த பிறகே உரிய மரியாதை கிடைத்தது. நல்ல கருவி இல்லையே என்று நிறுத்திவிடாமல், நிலையான மின்னழுத்தத்தைத் தானே உண்டாக்கிக்கொண்ட அந்த ஆசிரியரின் பொறுமை எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது.

இன்னொரு வகுத்தலையும் செய்தாக வேண்டும். ஈரக் கை, வெறுங்கால் என்றால் மனித உடலின் மின்தடை ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கிவிடக்கூடும். 230-ஐ ஆயிரத்தால் வகுத்தால் 0.23 ஆம்பியர். 16 ஆம்பியருக்கு மேல் போனால் விழ வேண்டிய எம்.சி.பி.க்கு இது ஒரு பொருட்டே இல்லை. இதயத்தை நிலைகுலையச் செய்ய இது தாராளம். 0.03 ஆம்பியர் கசிந்தாலே கண்ணிமைக்கும் நேரத்தில் லைனைத் துண்டிப்பது ஆர்.சி.சி.பி. என்ற கருவி; ஈ.எல்.சி.பி. என்றும் கடைகளில் கேட்கலாம். உங்கள் வீட்டு மெயின் போர்டில் அது இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இருந்தால் மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திச் சரிபாருங்கள். இல்லையென்றால் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை அழைத்து உடனே மாட்டச் சொல்லுங்கள்.