ஆட்டுக் குடலும் ஓர் இனத்தின் பெருமையும்

ஆண்டுதோறும் ஜனவரி 25ஆம் திகதி இரவு, சிட்னியிலும் மெல்பேணிலும் வாழும் ஸ்கொட்லாந்து வம்சாவழியினர் ஒன்றுகூடி விருந்துண்பது வழக்கம். குழல் வாத்தியம் முழங்க, தட்டொன்றில் உருண்டைப் பொதியொன்று சபைக்கு எடுத்து வரப்படும். ஒருவர் அதனை விளித்துக் கவிதை சொல்லிக் கத்தியாற் கீறுவார். இத்தனை மரியாதைக்கும் உரியது ஆட்டின் ஈரலும் இதயமும் நுரையீரலுந்தான்! அதன் பெயர் ஹகிஸ்.

இவற்றை அவித்துக் கொத்தி, ஓட்ஸ், வெங்காயம், கொழுப்பு, உப்பு, மிளகு சேர்த்து, ஆட்டின் இரைப்பையில் அடைத்துத் தைத்து, மீண்டும் அவிப்பர். உள்ளுறுப்புகள் விரைவிற் பழுதாகிவிடும். ஆடு அடித்த கையோடு சமைத்தாக வேண்டும். அதற்கு இரைப்பையே பாத்திரமாயிற்று. குளிர் நிலத்தில் நன்கு விளைந்த தானியம் ஓட்ஸ்.

இவ்வுணவு ஸ்கொட்லாந்துக்கு மட்டும் உரியதாக இருந்ததில்லை. 1430ஆம் ஆண்டளவில் வட இங்கிலாந்தில் செய்யுளாக எழுதப்பட்ட சமையல் நூலொன்றிலேயே இதன் செய்முறை உண்டு. 'கொத்துதல்' எனும் பொருள்தரும் பழஞ்சொல்லிலிருந்து இப்பெயர் பிறந்திருக்கலாம் என்பர். ஆங்கிலேயர் காலப்போக்கில் இதனைக் கைவிட்டனர், ஸ்கொட்லாந்தியர் விடவில்லை. 1786இல் கவிஞர் றொபேட் பேர்ண்ஸ் இதனை வாழ்த்திப் பாட, ஏழையின் உணவு இனத்தின் அடையாளமாயிற்று. ஜனவரி 25 அவரது பிறந்த நாளாகும்.

அக்காலத்தில் ஸ்கொட்லாந்து மலைநாட்டின் நிலவுடைமையாளர் ஆட்டுப் பண்ணைகளுக்காகக் குடியானவர்களை அவர்தம் காணிகளிலிருந்து அகற்றிக்கொண்டிருந்தனர். வறுமையிற் சிக்கிய மலைநாட்டவருள் ஏறத்தாழ 5,000 பேரை, 1852 முதல் 1857 வரை ஒரு குடியேற்றச் சங்கம் அவுஸ்திரேலியாவுக்கு அனுப்பியது. அவ்வாறு வந்த இனத்தவரின் கவிஞருக்கு மெல்பேணில் 1904இலும் சிட்னியில் 1905இலும் சிலைகள் எழுந்தன.

ஊரில் நாம் ஆடு அடித்துப் பங்கு இறைச்சி பிரித்தபோது, குடலும் ஈரலும் இரத்தமும் வீணானதில்லை. குடற்கறியும் இரத்த வறையும் அந்தச் சிக்கனத்தில் விளைந்தவையே. இங்கோ அவற்றைச் சமைக்கும் நாளில் அயலவருக்கு மணக்குமென்று யன்னலைச் சாத்துகின்றோம். "இது என்ன?" எனப் பிள்ளை கேட்டால், "இறைச்சிதான்" என்று மழுப்புகின்றோம். பெயரையும் காரணத்தையும் சொல்லிவிடுவதே நன்று. பிள்ளை ஒரு வாயும் உண்ணாமற் போகலாம்; ஆனால் அதனை இழிவென்று எண்ணாது.